வேர்வை என்றாள் அத்தை

கெங்கம்மா அத்தை எண்ணூரை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் குப்பத்தில் செவ்வாய்க்கிழமை யாரும் பிரயாணம் கிளம்ப மாட்டார்கள். அதற்காகவே அந்த நாளைப் பிடித்திருந்தாள். ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் தெரிந்த முகம் எதுவும் இருக்காது என்பது அவள் எண்ணம்.

அவளிடம் ஒரு துணிப்பையும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் இருந்தன. பையை நான் தூக்கிக்கொண்டேன். வாளியை அவள் விடவில்லை.

"வாளி இன்னாத்துக்கு அத்தே? கொடுங்கையூர்ல வாளி கெடைக்காதா?"

"கெடைக்கும். கடைக்குப் போவணுமே. கடைல எவளாவது நம்மூர்க்காரி நின்னுகினு இருப்பா."

கொடுங்கையூரில் அவள் மகள் மங்கை இருக்கிறாள். புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. அத்தை அங்கே ஒரு ராத்திரிக்கு மேல் தங்கியதே இல்லை. குப்பைமேட்டு நாற்றம் ஆகாது, தலை வலிக்கிறது என்று ஓடி வந்துவிடுவாள். இந்த முறை எத்தனை நாளைக்கு என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அத்தையின் புருஷன் வேலப்பன் மாமா வழியனுப்ப வரவில்லை. ஆற்றோரத்தில் படகின் மறுபக்கம் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் அத்தை என் கையைப் பிடித்தாள்.

"யாராவது கேட்டா மங்கைக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லு."

தலையாட்டினேன். ஆட்டோ கிளம்பும்போது தலையை வெளியே நீட்டி, "வேணாம், ஒண்ணியும் சொல்லாத," என்றாள்.

ஊரை விட்டுப் போவது எனக்குப் பழகிய வேலை. படிப்பு முடிந்ததும் கிளம்பியவள் நான். மலையூர்ச் சத்திரம், கப்பல் சமையலறை, வேற்று நாட்டுப் பழத்தோட்டம் என்று வேலை பார்த்துச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, அடுத்து எங்கே என்று வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அத்தை, ஊர் தன்னிடம் வந்து நிற்கும் என்று இருந்தவள். காலையில் படகுகள் அவள் முன்னால்தான் வந்து கரை தட்டும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் இடத்தில் பிறந்தவள். சின்ன வயதில் தன் அம்மாவோடு ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்திருக்கிறாள். கழுத்தளவு தண்ணீரில் குனிந்து சேற்றைத் துழாவுவார்கள். பிடித்த இறாலைப் போட ஓலையில் பின்னிய பறி இருக்கும், அதன் வாயைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் வேறு வழியில்லை. "எங்கம்மா கூட ஆத்துல எறங்குனா பேச்சே கெடையாது. வாய்ல பறி. அதான் அப்பால கரையேறி இம்மாம் பேசறேன்," என்பாள்.

கல்யாணத்துக்குப் பிறகு கூடையில் மீன் விற்றாள். எங்கள் கரையில் அப்போது ஒரு பெரியவர் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். தராசு கிடையாது. படகுக்காரர் நண்டையோ இறாலையோ மடவை மீனையோ கூறு கட்டித் தார்ப்பாயில் கொட்டுவார். வியாபாரிகள் சுற்றி நின்று விலை கேட்பார்கள். ஏலம் விடுகிறவர் கடைசி விலையைச் சொல்லி, "முடிஞ்சுது" என்றால் முடிந்தது. ஒரே விலையை இரண்டு பேர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டால், யார் முதலில் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அதற்கு மேல் பேச்சில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த இடத்தில் ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறார்கள். குரல் யாருக்கு வேண்டுமானாலும் இருக்கும்.

ஒருநாள் ஒரு நண்டுக் கூறுக்கு என் அப்பாவும் காசிமேட்டு வியாபாரி சாலமோனும் ஒன்றாகக் கேட்டார்கள். பெரியவருக்குக் காது சரியாக விழவில்லை. திகைத்து நின்றார். பக்கத்தில் கூடையோடு நின்ற அத்தை, யாரும் கேட்காமலே, "சாலமோன் அண்ணந்தான் மின்ன கேட்டாரு," என்று சொல்லிவிட்டாள். அப்பா நண்டை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். வெகுநாள் தங்கையோடு பேசவில்லை. பெரியவர் படுத்த படுக்கையானபோது, படகுக்காரர்கள் கூடி அடுத்து யார் என்று பேசினார்கள். பெரிய படகு வைத்திருந்த உச்சிமாகாளிதான் அத்தையின் பேரைச் சொன்னார். "சொந்த அண்ணனுக்கே பொய் சொல்லாதவ. நமக்கா சொல்லப் போறா?"

அன்று முதல் அத்தைதான். நான் போன ஊர்களில் எல்லாம் யாராவது உன் ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டால், அனல் மின் நிலையத்தையோ துறைமுகத்தையோ சொல்ல மாட்டேன். எங்கள் அத்தை ஒரு வார்த்தை சொன்னால் இருபது முப்பது ஆண்கள் வாயை மூடிக்கொண்டு பணத்தை எடுப்பார்கள் என்று சொல்வேன்.

சர்க்கரை வந்த பிறகுதான் அவள் ஓட ஆரம்பித்தாள். தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆற்றோரச் சாலையில் சாயங்காலம் நடந்தாள். நடப்பது அவளுக்குச் சலிப்பாக இருந்தது. "எங்கியும் போவாம சொம்மா நடக்கறதுக்கு இன்னா இருக்கு? சீக்கிரம் போய்ச் சேர்ந்தாலாவது ஒரு இது," என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். பாலத்தடியில் சீட்டு விளையாடுகிறவர்கள், "யக்கா, பின்னாடி போலீஸா?" என்று கத்துவார்கள். "உம் பொண்டாட்டிதாண்டா. உன்னத் தேடிகினு வரா," என்று நிற்காமல் சொல்லிவிட்டுப் போவாள். மங்கை ஒரு ஜோடி ஷூவும், ஓடுகிறவர்கள் போடும் கால்சட்டையும் வாங்கிக் கொடுத்தாள். முதல் நாள் கால்சட்டை போட்டு வெளியே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வேலப்பன் மாமா ஏற இறங்கப் பார்த்து, "நல்லாத்தான் கீது. போ," என்றார். அந்த வார்த்தையோடு போனவள்தான்.

வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் வந்த வருஷத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்து இளைஞர்கள் ஒரு மன்றம் ஆரம்பித்தார்கள். ஆற்றை நாலு பேர் வந்து பார்க்கட்டும் என்று ஓர் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். நடத்தியவன் தீனா, எங்கள் தெருக்காரன். ராயபுரம், பெரம்பூர், வியாசர்பாடியிலிருந்தெல்லாம் பேர் கொடுத்தார்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்குத் தனி ஓட்டம். அதில் எங்கள் குப்பத்துக்கு ஒரே ஆள், கெங்கம்மா அத்தை.

வழி எளிமையானது. எதிர்க்கரையில் பள்ளிக்கூடத்துத் திடலில் தொடக்கம். கரையோரமாகவே மேலே ஓடி, பாலத்தில் ஏறி ஆற்றைத் தாண்டி, இந்தக் கரையோரமாக இறங்கி வந்தால் கங்கையம்மன் கோயில் வாசலில் முடிவு. தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், நடுவில் ஆறு. பாலத்தின் மேல் நிற்பவர்கள் ஓடி வருகிறவர் கையில் பச்சை ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி விடுவார்கள். பாலத்தைத் தாண்டியதற்கு அதுதான் அடையாளம்.

எங்கள் குப்பத்துக்கு வேறொரு ஓட்டமும் உண்டு. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்று, அதே எதிர்க்கரையிலிருந்து அதே கோயிலுக்கு ஓடுவார்கள். அதற்கு வழி என்று ஒன்று கிடையாது. நீந்தலாம், படகைத் தள்ளிக்கொண்டு வரலாம், சேற்றில் விழுந்து புரளலாம். கொடிக்கம்பத்தை முதலில் தொட்டவருக்கு முதல் செம்பு கூழ். அத்தை பாவாடை கட்டிய வயதிலிருந்து அந்த ஓட்டம் ஓடியவள். எங்கே பள்ளம், எங்கே திட்டு, தண்ணீர் வற்றும்போது எந்த இடத்தில் இடுப்பளவுதான் இருக்கும் என்பதெல்லாம் அவள் காலுக்குத் தெரியும்.

பந்தயத்தன்று காலையில் தீனா மைக்கைப் பிடித்துத் திரும்பத் திரும்பச் சொன்னான். பாலத்தில் ஏறித்தான் வர வேண்டும், வளையம் இல்லாதவருக்குப் பரிசில்லை. அத்தை முன்வரிசையில் நின்று தலையாட்டியதை மன்றத்துப் பிள்ளைகள் எடுத்த வீடியோவில் பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

நான் கோயில் வாசலில் தண்ணீர் கேன்கள் பக்கத்தில் நின்றேன். மேளக்காரர்கள் தயாராக இருந்தார்கள். உச்சிமாகாளி நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். காசிமேட்டிலிருந்து சாலமோன்கூட வந்திருந்தார். "நம்ம ஏலக்காரி ஓடறாளே, பாக்காம இருப்பனா?" என்றார். வேலப்பன் மாமா கூட்டத்தின் கடைசியில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். சிரித்த முகம். அவர் சிரிப்பதை எப்போதாவதுதான் பார்க்கலாம்.

கரையோரச் சாலையில் முதல் ஆளாக அத்தை வந்தாள்.

கூட்டம் எழுந்து நின்றது. மேளம் அடித்தார்கள். "வா கெங்கம்மா, வா வா!" என்று உச்சிமாகாளி துண்டைச் சுழற்றினார். அத்தை வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணைக் கோயில்மேல் வைத்தபடி ஓடி வந்து, கட்டியிருந்த ரிப்பனை மார்பால் அறுத்தாள். யாரோ பதக்கத்தை எடுத்து அவள் கழுத்தில் போட்டுவிட்டார்கள். அதன் பிறகுதான் சாலையில் பின்னால் யாருமே கண்ணுக்கெட்டின தூரம் வரை இல்லை என்பதைப் பார்த்தோம். அதன் பிறகுதான் அவள் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை நனைவதையும்.

இடுப்பு வரை ஈரம். கால்சட்டை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஷூ முழுக்கச் சேறு, அதில் ஒரு பாசித் திரி ஒட்டியிருந்தது.

தீனா பக்கத்தில் வந்தான். அவனுக்கும் கேட்கக் கூச்சம். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான்.

"அத்தே, பாலத்துல பச்ச வளையம் குடுத்தாங்களே. எங்க?"

"வியுந்துச்சு."

"எங்க வியுந்துச்சு?"

"ஓடச்சொல்லோ எவ பாத்துகினு இருந்தா? வியுந்துச்சு."

"இன்னா அத்தே, துணியெல்லாம் நனைஞ்சு கீது?"

அத்தை குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். இப்போதுதான் பார்க்கிறவளைப் போலப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்.

"வேர்வை."

அவள் ஒன்று சொன்னால் எதிர்த்துப் பேசி அந்தக் கூட்டத்துக்குப் பழக்கமில்லை. அந்த நேரத்தில் இன்னொரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் போதும். "இல்லப்பா, ஆத்துல எறங்கிட்டேன்" என்று சிரித்திருந்தால், ஊரும் சிரித்துவிட்டு இட்லி சாப்பிடப் போயிருக்கும். ஆடித் திருவிழா நினைப்பில் இறங்கிட்டா என்று அவர்களே அவளுக்காகப் பேசியிருப்பார்கள். ஆனால் அவள், ஏலத்தில் "முடிஞ்சுது" என்று சொல்லும் அதே குரலில், "வேர்வைன்னா வேர்வைதான்," என்றாள்.

உச்சிமாகாளிதான் ஆரம்பித்தார். "கெங்கம்மா, வேர்வைல கெளுத்தி இன்னா சைஸ்ல கீதுன்னு பாரு!"

கோயில் வாசலே அதிர்ந்தது. மேளக்காரர்கூடக் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தினமும் அத்தையோடு வாயாடுகிறவர்தான். அவளும் பதிலுக்கு ஒன்று சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னார். அவள் சொல்லவில்லை.

அந்தச் சிரிப்பு ஓயும் முன்னே ரஹீமுன்னிசா வந்து சேர்ந்தாள். ராயபுரத்தில் தையற்கடை வைத்திருப்பவள், பல பந்தயம் ஓடியவள். கையில் பச்சை வளையம். ரிப்பன் அறுந்து கிடப்பதைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

"தொடச்சுக்கோங்க அக்கா. சளி புடிச்சுக்கப் போவுது."

அத்தை துண்டை வாங்கவில்லை. பதக்கத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். "கழுத்து அரிக்குது," என்றாள். அதுவும் ஒரு பொய். நடந்து வீட்டுக்குப் போனாள். அவள் போன வழியெல்லாம் ஈரக் கால்தடம் இருந்தது. வெயில் ஏறிக் காய்கிற வரை அதைத் தாண்டித் தாண்டித்தான் ஜனங்கள் நடந்தார்கள். கூட்டத்தின் கடைசியில் மாமாவைத் தேடினேன். அவர் இல்லை.

மறுநாள் காலையில் அவள் ஏலத்துக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். எப்போதும் போலத் தலைமுடியை இறுக்கி முடிந்து, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். முதல் படகு மடவை. தகராறில்லாமல் போனது. யாரும் நேற்றைய பேச்சை எடுக்கவில்லை. தப்பித்துவிட்டாள் என்று எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து உச்சிமாகாளியின் படகு இறால். நல்ல பெரிய இறால். சாலமோனும், திருவொற்றியூரில் தெருத் தெருவாக விற்கும் சபீஹாவும் ஒரே விலையை ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"சாலமோன் அண்ணன் மின்ன. முடிஞ்சுது," என்றாள் அத்தை.

சபீஹா கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். அவளும் அத்தையும் பல வருஷத்துத் தோஸ்துகள். ஒரே டம்ளரில் டீ குடிப்பார்கள்.

"யக்கா, மெய்யாலுமா? இல்ல இதுவும் வேர்வையா?"

எல்லாரும் சிரித்தார்கள். சபீஹாவும் சிரித்தாள். சாலமோன் சிரித்துக்கொண்டே பணத்தை எடுத்தார். அதோடு அது முடிந்திருக்கும். அவரும் இறாலை அள்ளிக்கொண்டு போயிருப்பார்.

அத்தை அந்தக் கூறையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "மறுபடியும் விடறேன், கேளுங்கோ," என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கரையில் ஒரு கூறை இரண்டாம் முறை ஏலம் விட்டு யாரும் பார்த்ததில்லை. சாலமோனின் கை பாதிப் பணத்தோடு அப்படியே நின்றது. "வேணாம்மா, இன்னா இது? நான்தான் மின்ன கேட்டேன், அது எனக்கே தெரியும். சபீஹாவுக்கும் தெரியும்," என்றார். "ஆமாக்கா, சொம்மா சொன்னேன்கா," என்று சபீஹாவும் பதறினாள். அத்தை கேட்கவில்லை. மறுபடியும் விலை கூவினாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவள் குரல் மட்டும் தனியாக ஏறி ஏறிப் போயிற்று. அடுத்த படகு வருவதற்குள் அவள் அங்கே இல்லை.

மற்றவர்கள் சிரித்ததால் அவள் வார்த்தை கெட்டுப்போகவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். யார் முதலில் கேட்டது என்று சொல்லும் இடத்தில் நின்றபோது, தானே தன்னை நம்பவில்லை. அதைத்தான் அன்றைக்குப் பார்த்தோம்.

தீனா வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினான். மன்றம் போட்ட வீடியோவை எல்லா இடத்திலிருந்தும் நீக்கிவிட்டதாகச் சொன்னான். அவள் கதவைத் திறக்கவில்லை. மாமா அவளிடம் பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது. வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் சொன்னார்.

"கேட்டா வேர்வைன்னுவா. எங்கிட்டயும் அத்தச் சொல்லிட்டான்னு வெச்சுக்க, அப்பால நான் எப்படி அவ மூஞ்சப் பாக்கறது? அதான் கேக்கல."

அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமைதான் அவள் வாளியோடு ஆட்டோ ஏறியது.

ஏலம் நிற்கவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். உச்சிமாகாளியின் தம்பி மகன் இப்போது ஏலம் விடுகிறான். மின்சாரத் தராசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். நன்றாகவே நடக்கிறது. தகராறு வந்தால் திரும்ப விடுகிறார்கள், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கெங்கம்மா எங்கே என்று முதலில் கேட்டார்கள். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

வெயில் காலத்தில் ஒருமுறை நான் கொடுங்கையூருக்குப் போனேன். மங்கை வேலைக்குப் போயிருந்தாள். அத்தை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தூரத்தில் குப்பைமேட்டிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. அவள் இளைத்திருந்தாள். ஓடுகிறாயா என்று நான் கேட்கவில்லை. ஷூ வாசலில் இல்லை.

எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "உங்க சொந்தமா ஆண்ட்டி? திருவொற்றியூர்லேர்ந்தா?" என்று கேட்டாள். அத்தை தலையாட்டினாள். கதவு சாத்தியதும் நான் அத்தையைப் பார்த்தேன்.

"எண்ணூருன்னா அந்த வீடியோவப் பாத்திருப்பாளோன்னு பயம். திருவொத்தியூருன்னு சொல்லிட்டேன்," என்றாள். "இப்ப இன்னாடான்னா, திருவொத்தியூர்ல எந்தத் தெருன்னு கேக்கறா. கோயில் பக்கமான்னு கேக்கறா. ஒரு பொய்யைச் சொல்லிட்டு அதுக்கு மாசாமாசம் வாடகை கட்டிகினு கீறேன்."

டீ போட்டுக் கொடுத்தாள். நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். ரஹீமுன்னிசா முன்னால் போய் வளைவில் மறைந்துவிட்டாள். பின்னால் வருகிறவர்கள் இன்னும் வளைவுக்கே வரவில்லை. வலப்பக்கம் ஆறு. தண்ணீர் வற்றி, நடுவில் திட்டு தெரிந்தது. அதற்கு அப்பால், கரை மரங்களுக்கு மேலே கோயில் கொடிக்கம்பத்தின் நுனி.

"மைக்ல சொன்னது கேக்கலியா அத்தே?"

"கேட்டுகினுதான் இருந்தேன். ஆனா காலு எறங்கிடுச்சு. நான் எறங்கல, காலுதான் எறங்குச்சு. பாதி ஆத்துல நிக்கறப்பதான் அடிப் பாவின்னு நெனச்சேன். திரும்பிப் போயிருக்கலாம். போவல. கரையேறி, ஓட்டத்த ஆத்தோட விட்டுட்டு ஓரமா குந்தியிருக்கலாம். அதுவும் செய்யல. மேளம் கேட்டுச்சு. எம்பேரச் சொல்லிக் கூப்புடறாங்கோ. ஓடிட்டேன்."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"ஆத்துல எறங்குனது தப்புதான். அத்த நாலு பேரு மன்னிப்பாங்கோ. தீனா கேட்டான் பாரு, அப்ப எதுர்ல எல்லாம் நிக்கறாங்கோ. சாலமோன் அண்ணன் நிக்கறாரு. எம் புருசன் நிக்கறாரு. வாயத் தொறந்தா அது வந்துச்சு. எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல."

"இப்ப வந்து சொல்லிடேன் அத்தே. மொத நாள் சிரிப்பாங்க, அவ்ளோதான்."

"சிரிக்கட்டும். சிரிப்புக்கா ஓடியாந்தேன்? எவ்ளோ பேருக்கு நான் தீர்ப்பு சொல்லிகீறேன். 'மின்ன நீ இல்ல, அவன்'னு சொல்லி வாயடைச்சுகீறேன். அன்னிக்கு எங்கிட்ட தோத்துட்டுப் போனவன்லாம் இப்ப இன்னா நெனப்பான்? அப்பவும் இப்படித்தான் சொல்லியிருப்பாளோன்னு நெனப்பானா இல்லியா?"

அந்தச் சந்தேகத்தை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. நெஞ்சுக்குள் நினைத்தார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? கிளம்பும்போது, மாமாவுக்கு என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். சட்டையைத் துவைத்துப் போடச் சொல் என்றாள்.

ஆடி வந்தது. கூழ் ஊற்றினார்கள். அவள் வரவில்லை. மழை வந்தது. ஆறு நிரம்பி, மின் நிலையத்துச் சாம்பல் கலந்த தண்ணீர் வடிந்தது. மன்றத்துப் பிள்ளைகள் அடுத்த ஓட்டத்துக்குப் பேர் வாங்க ஆரம்பித்தார்கள். மாமா வாரத்துக்கு ஒருமுறை மீன் எடுத்துக்கொண்டு கொடுங்கையூர் போய் வந்தார். அங்கேயும் அந்தப் பேச்சு எடுத்திருக்க மாட்டார். நான் எங்காவது கிளம்புவதாக இருந்தேன், இன்னும் கிளம்பவில்லை.

மார்கழியில் ஒரு காலை, படகுகள் வரும் நேரத்துக்கு முன்னால், போனில் அவள் குரல் வந்திருந்தது. இதுவரை அவள் எனக்குக் குரல் பதிவு அனுப்பியதில்லை. பின்னால் பிரஷர் குக்கர் சத்தம் கேட்டது. ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அம்மாடி, அத்தே பேசறேன். இத்த உனுக்கு மட்டும் அனுப்பல. ஏலம் விடற எடத்துக்கு எட்துகினு போய் எல்லாருக்கும் போடு. நல்லா சத்தமா வெய்யி. இன்னா, வெச்சுட்டியா? கெங்கம்மா பேசறேன். அன்னிக்கு நான் பாலத்து மேல போவல. ஆத்துல எறங்கி வந்தேன். தீனா மைக்ல சொன்னது நல்லாவே கேட்டுச்சு. வளையம் வியவும் இல்ல, அத்த நான் வாங்கவே இல்ல. எம் மேல இருந்தது தண்ணி. தெரிஞ்சேதான் வேர்வைன்னு சொன்னேன். ரஹீமுன்னிசாதான் மொதல்ல வந்தது. உச்சிமாகாளி அண்ணே, சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ. அதுக்கு மின்ன நான் ஏலத்துல சொன்னது எதுவும் பொய்யில்ல. நம்பறதும் நம்பாததும் உங்க இஸ்டம். திரும்பி வந்து நிக்கறதுக்காவ இத்தச் சொல்லல. அந்தப் பையனே விடட்டும். எங்க வூட்டுக்காரரு அங்க நின்னுகினு இருந்தா, அவரும் கேட்டுக்கட்டும். அம்மாடி, ஏலம் முடிஞ்சப்பறம் போடாத, பாதிப் பேரு வண்டி எட்துகினு பூடுவாங்கோ. கூறு கொட்றதுக்கு மின்னயே போடு."